நம் தெருவில் ஒரு வழிபாட்டுத்தலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி மதுரை மாவட்டத்துக்குள்ளேயே கழிந்தது. கோயில், சர்ச், பள்ளிவாசல், ஜெபக்கூடம் என்று எங்காவது கட்டடம் எழும்பினால் வரும் மனுக்களும், அதற்குப் போடும் சமாதானக் கூட்டங்களும் எனக்குப் பழக்கம். ஊமச்சிகுளம் பக்கமும் சிலைமான் பக்கமும் வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு இந்தப் பிரச்சினை கூடிவிட்டது. புதுக் காலனி என்றால் பக்கத்து வீட்டுக்காரரையே தெரியாதே, அவர் கும்பிடும் சாமியை எப்படித் தெரியும்? கல்யாண வீட்டிலும் காலை நடையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகிற விஷயத்துக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

சொந்த இடம், சொந்தப் பணம். அதில் சாமி கும்பிட ஒரு கட்டடம் கட்ட யாரிடம் கேட்க வேண்டும்?

கேட்கத்தான் வேண்டும். வீடு கட்டினாலும் பிளான் அப்ரூவல் வாங்குகிறோம். பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் அதற்கு மேல் ஒரு படி, கலெக்டரின் முன் அனுமதி. ஊராட்சிப் பகுதிகளுக்கான 1997-ம் ஆண்டுக் கட்டட விதிகளில் இது இருந்தது. 2019-ல் எல்லா உள்ளாட்சிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. நடைமுறை மாறவில்லை.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் அது கீழே இறங்கும். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் வி.ஏ.ஓ. அவர் இடத்தைப் பார்த்து, பட்டா யார் பேரில், சுற்றிலும் என்ன இருக்கிறது, ஆட்சேபணை உண்டா என்று எழுதுவார். போலீஸ் தனியாக ஒரு அறிக்கை கொடுக்கும். எல்லாம் மறுபடி மேலே ஏறும். இறங்கியது ஒரு வாரம் என்றால் ஏறுவதற்கு எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது.

அரசியல் சட்டம் மத உரிமை தருகிறதே, அப்புறம் எதற்கு இத்தனை அனுமதி?

பிரிவு 25 ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதிலேயே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று வரம்பும் இருக்கிறது. பிரிவு 26 மதப் பிரிவுகளுக்குச் சொத்து வாங்கவும், சட்டப்படி அதை நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. ஆகவே 'கட்டலாமா' என்பது அரசு தானம் கொடுக்கும் சலுகை இல்லை. உரிமை ஏற்கனவே இருக்கிறது. அனுமதி என்பது அந்த உரிமையை எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எத்தனை வாசலோடு பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற கணக்குத்தான். ஆபீசில் இருப்பவர்கள் பலரும் (நான் உட்பட) இதைத் தலைகீழாகத்தான் வருஷக்கணக்கில் புரிந்துவைத்திருந்தோம்.

எங்கள் தெருவில் எல்லோருமே ஒரே மதம். நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றால் தடுக்க முடியாதா?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கோபமாகவும் வரும்.

ஆட்சேபணை மனு கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த மனுவில் எத்தனை கையெழுத்து என்பதை விட என்ன காரணம் என்பதுதான் முக்கியம். 'இருபது அடித் தெரு, ஆம்புலன்ஸ் திரும்பாது' என்றால் அது காரணம். டேப்பைப் பிடித்தால் தெரிந்துவிடும். 'இது எங்கள் ஆட்கள் வாழும் பகுதி' என்பது காரணமே இல்லை. பட்டாவில் சர்வே எண் இருக்கும், பரப்பளவு இருக்கும். மதம் என்று ஒரு கட்டம் கிடையாது.

இந்த விதி ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்கள் வழியாகக் கோயில் ஊர்வலம் போகக்கூடாது என்று ஆட்சேபணை வந்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகம் என்பதால் இன்னொரு மதத்தின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது, இப்படியே போனால் சிறுபான்மையினர் நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஒன்றுமே நடத்த முடியாமல் போகும் என்ற போக்கில் தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்பைக் கைதட்டி வரவேற்ற சிலரே தங்கள் காலனிக்குள் சர்ச் வருகிறது என்றதும் வேறு பேச்சுப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

'கட்டினால் கலவரம் வரும்' என்று எழுதினால்?

யார் கலவரம் செய்வார்கள் என்றும் சேர்த்து எழுத வேண்டும். மிரட்டுபவர் ஒருவர், உரிமையை இழப்பவர் இன்னொருவர் என்றால் அது நியாயமா? 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: போராட்டம், வன்முறை என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை நசுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. அது சினிமா வழக்கு, இது கட்டடம். ஆனால் தர்க்கம் ஒன்றுதான்.

நீங்கள் ஆர்.ஐ.யாக இருந்தபோது இப்படித்தான் நேர்மையாக எழுதினீர்களா?

இல்லை. ஒரு ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம் கட்ட மனு வந்தது. நாற்பது பேர் உட்காரலாம், அவ்வளவுதான். எதிர் மனுவில் அறுபதுக்கு மேல் கையெழுத்து, பாதி ஒரே பேனா, ஒரே சாய்வு. அது எனக்குத் தெரிந்தும் 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அது எழுத மிகவும் வசதியான வரி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பின்னால் ஏதாவது நடந்தால் 'அப்பவே எழுதினேனே' என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபைல் கிடப்பில் போனது. அவர்கள் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் கலைந்துவிடுவார்கள்.

அதே ஊராட்சியில் அதே வருஷம் ஒரு பிள்ளையார் கோயில் எழும்பியது. கலெக்டர் அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. கும்பாபிஷேகத்துக்கு 501 ரூபாய் எழுதினேன். பிள்ளையார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றும் தேங்காய் உடைக்கிறேன். ஒரு வேலைக்கு இரண்டு அளவுகோல் வைத்திருந்தேன் என்பதுதான் குறை. அந்த மாதிரி வரி இப்போது யாராவது எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. என் மேல் உள்ள எரிச்சலாகவும் இருக்கலாம்.

சத்தம், பார்க்கிங், டிராஃபிக் என்பதெல்லாம் சாக்குத்தானா?

சாக்காகவும் இருக்கும், நிஜமாகவும் இருக்கும். இரண்டையும் பிரிப்பது எளிது: அந்தக் குறையைச் சரிசெய்தால் ஆட்சேபணையை வாபஸ் வாங்குவீர்களா என்று கேளுங்கள். வாங்குவேன் என்றால் நிஜம்.

சத்தத்துக்குத் தெளிவான விதி இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் போடக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். திருவிழாக் காலங்களில் மாநில அரசு இரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. இந்த விதியை மதுரையில் சித்திரை, ஆடி மாதங்களில் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். விடியற்காலை பாங்கு சத்தத்துக்கு மனு எழுதுபவர் ஆடி மாதம் பத்து நாள் கூழ் ஊற்றும் குழாய் ரேடியோவையும் அதே மனுவில் சேர்த்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

அதே 2000-ல் சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கிமீது குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கு அது. மற்றவர் அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது கோர்ட். கவனிக்க வேண்டியது இன்னொன்று: சத்தத்தைக் குறை என்றுதான் சொன்னார்கள், சர்ச்சை மூடு என்று சொல்லவில்லை.

பார்க்கிங்கில் எனக்கு இரக்கம் குறைவு. மதுரையில் எந்தத் திருமண மண்டபத்துக்கு முன்னால் டிராஃபிக் நிற்காமல் இருக்கிறது?

வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள். அதற்கும் அனுமதி வேண்டுமா?

குடும்பம் ஜெபிக்க, பூஜை செய்ய, தொழ, நாலு உறவினரை அழைக்க யாரிடமும் கேட்க வேண்டாம். வீட்டில் ஐயப்ப பஜனை வைப்பதற்கு நாம் கேட்கிறோமா? ஆனால் வீட்டுக்கு என்று பிளான் வாங்கிய இடத்தில் போர்டு மாட்டி, வாரா வாரம் வெளியாட்கள் கூடும் கூடமாக மாற்றினால் கட்டடத்தின் பயன்பாடு மாறுகிறது, அப்போது கேள்வி வரும். எது வீடு, எது கூடம் என்ற கோட்டை ஒவ்வொரு வழக்கிலும் கோர்ட் அந்தந்த விவரத்தை வைத்துத்தான் பார்த்திருக்கிறது. ஒலிபெருக்கி வைக்காமல், வண்டியைத் தெருவை அடைத்து நிறுத்தாமல் இருந்தால் பெரும்பாலும் யாரும் மனுவே கொடுப்பதில்லை என்பது என் அனுபவம்.

புறம்போக்கில் பல வருஷமாகக் கோயில் இருக்கிறதே. அதை மட்டும் ஏன் கேட்பதில்லை?

நியாயமான கேள்வி. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பொதுத் தெரு, பூங்கா, மற்ற பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத்தலமும் அனுமதியின்றி வரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஏற்கனவே இருப்பவற்றை மாநில அரசுகள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மதுரைத் தெருமுனைகளில் சூலம், செங்கல், மஞ்சள் துணி என்று ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் கிரில் கேட்டும் உண்டியலுமாக நிற்பவை எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். சிலுவை நட்டுக் கெபி (மாதா குகை) ஆனதும் உண்டு, பச்சைக்கொடி கட்டியதும் உண்டு. சொந்த நிலத்தில் கட்ட மனு கொடுத்தவர் வருஷக்கணக்கில் நடக்கிறார், அரசு நிலத்தில் கல் நட்டவரை யாரும் கேட்பதில்லை.

ஏற்கனவே பக்கத்தில் ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. நிலம்பூர் பக்கம் கடைக் கட்டடம் ஒன்றைப் பள்ளிவாசலாக மாற்ற அனுமதி கேட்டார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் 36 பள்ளிவாசல்கள் இருந்தன. கோர்ட் மறுத்துவிட்டது. எண்ணிக்கை ஒரு காரணமாகலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லோருக்கும் எண்ண வேண்டும். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள் ஐந்து கோயில்.

மதம் மாற்றத்தானே கட்டுகிறார்கள்?

பரப்பும் உரிமை பிரிவு 25-லேயே இருக்கிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு எல்லை வைத்தது: தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது என்பது தனி உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பிறகு நீக்கப்பட்டது. எது எப்படியோ, யாரையாவது மிரட்டியோ ஏமாற்றியோ மாற்றினால் அதற்குப் புகார் கொடுங்கள். கட்டடத்தின் அடித்தளம் போடும்போதே அங்கே என்ன நினைப்பார்கள் என்று ஆர்.ஐ.யால் அளக்க முடியாது.

மதுரை எப்போதும் மத ஒற்றுமைக்குப் பேர்போன ஊர்தானே?

பாதி உண்மை. கோரிப்பாளையம் தர்காவுக்குப் பாண்டியர் காலத்தில் விட்ட ஊர்களின் உரிமையை 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த கல்வெட்டு உண்டு. 1606-ல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு இங்கேயே வாழ்ந்தார். அழகர் வண்டியூர் போவதைத் துலுக்க நாச்சியாரோடு சேர்த்துச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும்.

அதே ஊரில்தான் எட்டாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகச் சைவ இலக்கியமே பெருமையாகப் பாடுகிறது. நடந்ததா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும், நடந்ததாகக் கொண்டாடியது நிஜம். இன்று வழிபாட்டுத்தல வழக்குகள் வரும் உயர் நீதிமன்றக் கிளை 2004-லிருந்து ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் இருக்கிறது. அந்த மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன, 770-ம் ஆண்டு பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. வாய்தாவுக்குப் போகிறவர்கள் நேரம் இருந்தால் பார்த்துவிட்டு வரலாம்.

சண்டை எப்போதும் இரண்டு மதத்துக்கு நடுவில்தானா?

எங்கே! பெரிய சண்டைகள் பலவும் ஒரே மதத்துக்குள்தான். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது குற்றம் என்று வழக்குப் போய், 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்) வரை அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட பட்டியல் சாதித் தோழர்களும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. கோயில் தீட்டாகிவிட்டது என்று எதிர்த்தவர்களில் சிலர் தமிழ்ச் சங்கம் ரோட்டில் தனியாக ஒரு மீனாட்சி கோயிலே வைத்துக்கொண்டார்கள். புதுக் கோயில் ஏன் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பேரையூர் பக்கம் உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடித்தது 2008 மே மாதம். அங்குள்ள முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011-ல்.

திருப்பரங்குன்றம் பற்றி ஒரு வார்த்தை?

ஒரு வார்த்தையில் முடியாது. மலைமேல் காசி விஸ்வநாதர் கோயிலும் இருக்கிறது, சிக்கந்தர் தர்காவும் இருக்கிறது. 1923-ல் மதுரை சப் கோர்ட் தீர்ப்புப்படி நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு, பள்ளிவாசல் இருக்கும் இடம் ஆகியவை முஸ்லிம்களுக்கு. மலையின் மற்ற வெற்றிடங்கள் தேவஸ்தானத்துக்கு. 1931-ல் பிரிவி கவுன்சில் அதை உறுதிசெய்தது. 2025-ல் ஆடு கோழி பலியிடுவது பற்றியும் கார்த்திகை தீபம் பற்றியும் மறுபடியும் கோர்ட், போலீஸ், கூட்டம். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பழைய தீர்ப்பைப் பற்றி மைக்கில் பேசுபவர்களில் அதைப் படித்தவர்கள் குறைவு. அதில் இடம் இடமாக எல்லை போட்டிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்சினை கிடையாது அல்லவா?

சுவிட்சர்லாந்தில் 2009-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்துப் பள்ளிவாசலுக்கு மினார் கட்டவே தடை போட்டார்கள். 57.5 சதவீதம் பேர் ஆதரவு. நாடு முழுக்க இருந்தது நாலே நாலு மினார்!

நம்மவர் கதை ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் குடியிருப்புப் பகுதியில் ஒரு நிலவறையில் காமாட்சி அம்பாளை வைத்துக் கும்பிட்டார்கள். தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் பெருக, அக்கம்பக்கத்தார் வண்டி, சத்தம் என்று புகார் சொன்னார்கள். நம் ஊர் மனுவில் வரும் அதே வார்த்தைகள்தான். நகராட்சி 'வேண்டாம்' என்று கதவைச் சாத்தவில்லை. தொழிற்பேட்டைப் பகுதியில் இடம் பார்க்க உதவியது. 2002-ல் கோபுரத்தோடு கும்பாபிஷேகம் நடந்தது. இன்றைக்கு அந்தத் தேர் ஐரோப்பாவுக்கே பெரிய திருவிழா. அங்கே நாம்தான் 'வெளியாட்கள்' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நம் காலனி மனுவை ஒருமுறை படித்துப்பாருங்கள்.

கலெக்டர் மறுத்துவிட்டால்?

முதலில் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. காரணம் எழுதப்படாத உத்தரவு கோர்ட்டில் நிற்பது கஷ்டம். மதுரைக் கிளையில் பிரிவு 226-ன் கீழ் ரிட் போடலாம். பல வழக்குகளில் கோர்ட் நேரடியாகக் கட்டு என்று சொல்லாது, மனுவை மறுபடி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று திருப்பி அனுப்பும். வருஷமாகத் தூங்கிய ஃபைலுக்கு அதுவே பெரிய எழுப்புதல். எதிர்ப்பவர்களுக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் தூண் எழுப்பிவிட்டுப் பிறகு கோர்ட்டுக்குப் போவது மட்டும் வேண்டாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு கெட்டுவிடும்.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். என்ன கொண்டுபோக வேண்டும்?

பட்டா நகல், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நிலத்தின் அளவு வரைபடம்), பிளான். இரண்டு தரப்பும் ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். ஐம்பது பேர் போனால் பேச்சு உள்ளே நடக்காது, வெளியே நடக்கும். கட்சிக்காரரைக் கூட்டிப்போனால் எதிர்த்தரப்பும் கூட்டிவரும். உங்கள் பக்கம் வாய் நீளமானவரை விட்டுவிட்டு, எதிர்த்தரப்பில் யாரையாவது 'பாய்', 'அண்ணே', 'பாஸ்டர்' என்று கூப்பிட்டுப் பழக்கமுள்ளவரைக் கூட்டிப்போங்கள். நான் பார்த்த கூட்டங்களில் பாதி, 'என்ன பாய், நம்ம பையன் கல்யாணத்துக்கு வந்தீங்களே' என்ற இடத்தில்தான் திரும்பியது.

ஒத்துக்கொண்டதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: குழாய் ரேடியோ எந்தப் பக்கம் பார்க்கும், வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எங்கே நிற்கும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியும். மழைத்தண்ணியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அப்புறம் ஐப்பசியில் அதற்கு ஒரு மனு வரும்.